பெருக்கிவிட்டுப் போன திருடன்

"முட்டை விக்கிறவன்கூடக் கோழி போட்டதுன்னுதான் சொல்றான், மாஸ்த்ரோ! நானே போட்டேன்னு எவனும் சொன்னதில்ல!"

"குரலைக் குறை. இது சந்தை இல்ல, என் ஸ்டூடியோ."

"சந்தையா இருந்தா திருட்டுப் பொருளை இப்படி நடுவுல உட்கார வெச்சிருக்க மாட்டாங்க. ஒரு துணியாவது போட்டு மூடியிருப்பாங்க!"

பளிங்குத் தூள் உள்ளே வரும் என்று வல்கெரினா என்ற அந்தக் குவாரி ஊரில் வருஷம் முழுக்க ஜன்னலைச் சாத்தியே வைத்திருப்பார்கள். சண்டை என்றால் மட்டும் அந்தத் தூள் யாருடைய நெஞ்சையும் ஒன்றும் செய்வதில்லை. ஜெம்மா லத்தான்ஸி 'கோழி' என்றபோது தெருவில் பாதி ஜன்னல் திறந்தது. 'திருட்டு' என்றபோது மீதியும் திறந்தது. எதிர்வீட்டு மாடியில் ஒருத்தி நாற்காலியே கொண்டுவந்து போட்டுக்கொண்டாள்.

முற்றத்துக் குழாயடியில் நின்று, ரொட்டிக்குள் கடலைமாவு அடையை மடித்துத் தின்றுகொண்டிருந்தான் ஒரேஸ்தே. ரொட்டிக்கடை மாடியில் துப்பறியும் அலுவலகம் நடத்தும் எர்சிலியா மென்கோனி, செத்துப்போன அவன் அண்ணனின் மனைவி. இவன் அவளுக்கு உதவியாள். அதற்கு முன்பு இதே மாஸ்த்ரோ ஃபர்சேத்தியிடம் சிற்பம் படித்தவன். படித்தது காது மட்டும். முதல் வருஷம் பிளாஸ்டர் காதைப் பார்த்து வரைந்தான், அடுத்த வருஷம் களிமண்ணில் பிசைந்தான், அதற்கடுத்த வருஷம் கல்லில் வெட்டினான். மூக்குக்கு வருமுன் மாஸ்த்ரோ துரத்திவிட்டார். இன்றைக்கும் யாரைப் பார்த்தாலும் ஒரேஸ்தே முதலில் காதைத்தான் பார்ப்பான்.

மாஸ்த்ரோவின் காதுகள் அப்போது தக்காளி நிறத்தில் இருந்தன. அங்கி மட்டும் வெள்ளை. அதில் ஒரு பொட்டுத் தூசி கிடையாது. அந்த மாவட்டத்தில் எந்தச் சதுக்கத்துக்குப் போனாலும் அவர் செய்த தளபதி ஒருவர் புறாக்களுக்கு இடம் கொடுத்துக்கொண்டு நிற்பார். அப்பேர்ப்பட்டவரை, செத்துப்போன குவாரித் தொழிலாளியின் மகள் ஒருத்தி, அவரிடமே படித்தவள், முற்றத்தில் நிற்கவைத்துத் திருடன் என்கிறாள். தெருவுக்கு வேறென்ன வேண்டும்?

சண்டைக்குக் காரணமானவள் உள்ளே மேடைமேல் உட்கார்ந்திருந்தாள். ஆளுயரப் பிளாஸ்டர் பெண். வாசல்படியில் உட்கார்ந்து, வலது கையை நீட்டி, உள்ளங்கையைக் கவிழ்த்து, 'பேசாம இருங்க, கேட்கட்டும்' என்று அக்கம்பக்கத்தாரை அடக்குகிறாள். மலையில் சங்கு ஊதினால் குவாரியில் யாரோ போய்விட்டான் என்று அர்த்தம். போனவன் பெயர் கீழே வந்து சேரும்வரை வல்கெரினாப் பெண்கள் அப்படித்தான் உட்காருவார்கள். ஜெம்மாவின் அம்மா அப்படி உட்கார்ந்ததைத் தெருவே பார்த்திருக்கிறது.

குவாரியில் செத்தவர்களுக்கு நகரசபை நினைவுச்சிலை வைக்கிறது. பரிசுப் போட்டிக்கு வந்த மாதிரிகளில் இதைத்தான் தேர்ந்தெடுத்தார்கள், மாஸ்த்ரோ ஃபர்சேத்தியின் படைப்பு என்று. நாளைக்குக் கவுன்சிலர் பால்தி வந்து கையெழுத்துப் போடுவார். அப்புறம் பிளாஸ்டர் பளிங்குப் பட்டறைக்குப் போகும், அதைப் பார்த்துக் கல்லில் வெட்டுவார்கள், பீடத்தில் பெயர் பொறிப்பார்கள். கல்லில் ஏறிய பெயரை அப்புறம் யார் கத்தினாலும் இறக்க முடியாது.

"குளிர்காலத்துல நிமோனியான்னு நான் ஆஸ்பத்திரியில கிடந்தப்ப என் பட்டறையிலிருந்து இதைத் தூக்கிட்டு வந்திருக்கீங்க!"

"போலீஸ்ல சொல்றதுதானே?"

"சொன்னேன். 'பிளாஸ்டர் பொம்பளையை எவன் தூக்கிட்டுப் போவான், நிஜப் பொம்பளை காணோம்னா வா'ன்னு சிரிச்சான்."

"நான் பார்த்தேன்!" என்று ஜெம்மாவின் தோளுக்குப் பின்னாலிருந்து எல்வியோ கத்தினான். பிளாஸ்டர் வார்ப்பவன், கோடையில் ஜெம்மாவைக் கல்யாணம் செய்துகொள்ளப் போகிறவன். "களிமண்ணா இருக்கும்போதே பார்த்தேன்! எங்கே வேணும்னாலும் வந்து சொல்றேன்!"

"நீ சொல்லாம? அவ உப்பில்லாம சமைச்சாலும் நல்லாயிருக்குன்னுதான் சொல்லப்போறே." மாஸ்த்ரோ ஜன்னல்களைப் பார்த்துப் பேசினார், நீதிபதிகள் அங்கேதான் இருக்கிறார்கள் என்று அவருக்குத் தெரியும். "இவளுக்கு உளி பிடிக்கக் கத்துக்கொடுத்தது யாரு? நான். இவ கையில இருக்கறது என் கை. அவ செஞ்சா என் மாதிரி இருக்கும். நான் செஞ்சா அவளுதுங்கறா. இதுக்குப் பேரு நன்றி!"

இரண்டு மூன்று ஜன்னல்கள் தலையாட்டின. ஜெம்மா கீழே கிடந்த ஒரு களிமண் உருண்டையை எடுத்தாள். எறிந்திருப்பாள், அந்த வெள்ளை அங்கியிலும் ஒரு கறை விழுந்திருக்கும். ஆனால் காய்கறிப் பையோடு எர்சிலியா குறுக்கே வந்து நின்றுவிட்டாள்.

"ஜெம்மா, உன் பட்டறைப் பூட்டை உடைச்சிருந்தாங்களா?"

"இல்லையே."

"அப்ப வா, அங்கே போகலாம். இங்கே கத்தினா அவருக்குத்தான் விளம்பரம்."

*

ஜெம்மாவின் பட்டறை ஒரு காலத்தில் மாட்டுவண்டித் தொழுவம். சாவி ஆர்ஜியா அத்தை வீட்டு அடுப்படி ஆணியில் தொங்கும். அந்த அடுப்படிக்கு வந்து போகாதவர் ஊரில் பாதிரியாரும் இல்லை, பால்காரனும் இல்லை. ஆகவே சாவியைப் பற்றி விசாரித்துப் பயனில்லை.

பட்டறையில் ஒன்றுமே இல்லை. காலி மேடை, ஒரு வாளி, சுவரோரம் பழைய துடைப்பம்.

"ஆஸ்பத்திரியிலிருந்து வந்து திறந்து பார்த்தேன். அன்னிக்குச் சாத்தினதுதான். அப்புறம் உள்ளே காலே வைக்கல" என்றாள் ஜெம்மா. அவள் குரல் இன்னும் முற்றத்து உயரத்திலேயே இருந்தது.

எர்சிலியா தரையில் விரலைத் தேய்த்துப் பார்த்தாள். மெல்லிய தூசி மட்டும்.

"ஆஸ்பத்திரிக்குப் போற அன்னிக்கு இந்தத் தரை எப்படி இருந்தது?"

"எப்படி இருக்கும்? அன்னிக்குக் காலையிலதான் அச்சை உடைச்சு சிலையை வெளியே எடுத்தேன். ஒத்தை ஆளா. இவர் லூக்காவுல ஏதோ கோவில் வேலைக்குப் போயிருந்தாரு." எல்வியோ வெளியே தன் மூன்று சக்கர வண்டியின் மேல் சாய்ந்து புகைத்துக்கொண்டிருந்தான். "அச்சுச் சில்லு கணுக்கால் வரைக்கும் கிடந்தது. ஜுரத்துல அதுமேலேயே விழுந்து கிடந்தேன். அத்தை வந்துதான் தூக்கினாங்க."

"அத்தை பெருக்கினாங்களா?"

"எங்க அத்தையா? அவங்க வீட்டையே பெருக்கறதில்ல."

ஒரேஸ்தே விசிலடித்தான். "அண்ணி, திருடிட்டு, பெருக்கியும் விட்டுட்டுப் போயிருக்கான்! அவன் விலாசம் கிடைச்சா எனக்கும் சொல்லுங்க. நம்ம ஆபீசுக்கு வாரம் ஒருதரம் வந்து திருடட்டும்."

"சிரிக்காம யோசி. காது மட்டும் படிச்சாலும் ஸ்டூடியோவுலதானே படிச்சே? அங்கே யாரு பெருக்குவா?"

ஒரேஸ்தே யோசித்தான். சிற்பிகள் பெருக்கமாட்டார்கள், குப்பையில் நின்று வேலை செய்வதே ஒரு பெருமை. கல் வெட்டுகிறவர்கள் பெருக்கமாட்டார்கள். சாயங்காலம் ஒருவன் தண்ணீர் அடித்துத் தள்ளிவிடுவான். பெருக்காமல் ஒரு அடி நகராத ஜாதி ஒன்றே ஒன்றுதான்.

"வார்ப்புக்காரங்க" என்றான் மெதுவாக. "பழைய பிளாஸ்டர் துகள் ஒண்ணு புதுக் கலவையில விழுந்தாப் போதும், வாளியிலேயே கல்லாயிடும். அதனால வேலை முடிஞ்சதும் முதல்ல துடைப்பத்தைத்தான் தேடுவாங்க. கை தானாப் போயிடும், அண்ணி. எங்க ஸ்டூடியோ வார்ப்புக்காரர் ப்ரீமோ கிழவர் கல்யாண வீட்டுல சாப்பிட்டு எந்திரிச்சாக்கூட மேஜையடியைப் பெருக்குவாரு."

"அந்த ப்ரீமோ இப்ப எங்கே?"

"இடுப்பு எலும்பு உடைஞ்சு கிறிஸ்துமஸ்லேர்ந்து படுக்கையில. அவரு துடைப்பத்தைத் தூக்கறதே..." அவன் நிறுத்தினான். வாசலில் சிகரெட் புகை தெரிந்தது. சிகரெட்டுக்காரன் அடிக்கடி அத்தை வீட்டு அடுப்படியில் காப்பி குடிப்பான் என்பதும் நினைவு வந்தது. "அண்ணி, இருக்காது."

"நான் ஒண்ணும் சொல்லலியே" என்றாள் எர்சிலியா. "ஊருல வார்ப்புக்காரன் அவன் ஒருத்தனா? ஜெம்மா, இப்படி வாம்மா."

இருவரும் மூலையில் நின்று பேசினார்கள். ஒரேஸ்தேவின் காதில் ஒரு வார்த்தை விழவில்லை. அவ்வளவு காது செதுக்கியும் பயனில்லை. ஜெம்மா முதலில் தலையை வேகமாக ஆட்டினாள். பிறகு "வாயை மூடுங்க!" என்றாள். பிறகு சுவரை உள்ளங்கையால் ஓங்கி அறைந்தாள். கடைசியில் "சரி" என்றாள்.

*

"ஃபர்சேத்தியைப் போய்ப் பாரு. யாரும் பக்கத்துல இல்லாத நேரமாப் பார்த்துச் சொல்லு" என்றாள் எர்சிலியா, வெங்காயத்தாளைக் கழுவிக்கொண்டே. "நாளைக்குக் காலையில கவுன்சிலர் முன்னால ஜெம்மா அவரை ஒரே ஒரு கேள்வி கேப்பா. நீட்டின கைக்குள்ள தாங்கலுக்கு என்ன வெச்சிருக்கு? அவ்வளவுதான். இது அவர் காதுக்கு மட்டும். வேற யாருகிட்டயும் மூச்சு விடாதே. எல்வியோகிட்டயும்தான்."

ஒரேஸ்தேவுக்குக் கோபம் வந்தது. "கேள்வித்தாளை முதல் நாளே வீட்டுக்குக் கொண்டுபோய்க் குடுக்கறதா? அந்த ஆளு என்னைத் துரத்தினப்ப எனக்கு இந்த வசதியெல்லாம் பண்ணித் தரலியே!"

"போடா, அடை ஆறிடும்."

நீட்டிய பிளாஸ்டர் கைக்குள் ஏதாவது தாங்கல் இல்லாவிட்டால் தன் பாரத்திலேயே ஒடிந்துவிடும். செய்தவருக்கு மட்டும்தான் உள்ளே என்ன என்று தெரியும். வெளியே தெரிவது வெறும் வெள்ளைக் கை. நல்ல கேள்விதான். ஆனால் மாஸ்த்ரோவிடம் படித்த எந்தக் கழுதையும் பதில் சொல்லுமே! 'இரும்பு. எப்பவும் இரும்பு. துருப்பிடிக்காம சிவப்பு வர்ணம் அடிச்ச இரும்பு.' அதை அவர் பாட்டாகவே பாடுவார். நாணல் குச்சி வைத்து வார்த்த ஒரு மாணவனின் வேலையை எல்லார் முன்னாலும் மிதித்து நொறுக்கி, "நாணல் தக்காளிக் கொடிக்கு! போய்த் தோட்டம் போடு!" என்றவர். அந்த மாணவன் போய் நிஜமாகவே தோட்டம் போட்டான். தக்காளி நன்றாக வருகிறது, அது வேறு விஷயம். ஜெம்மாவும் அங்கே படித்தவள்தானே? இரும்புதான் வைத்திருப்பாள். அவரும் இரும்பு என்றுதான் சொல்லப் போகிறார். முடிந்தது கதை.

இத்தனையும் நினைத்துப் பொருமிக்கொண்டே ஸ்டூடியோவுக்குப் போனான். மாஸ்த்ரோ தனியாக, கிராப்பாச் சாராயம் ஊற்றிய காப்பியோடு உட்கார்ந்திருந்தார்.

"யாரது, காதுக்காரனா? இன்னும் ஒரு காது வேணுமா?"

"இல்ல மாஸ்த்ரோ. ரெண்டு இருக்கு. உங்க ரெண்டையும் கொஞ்சம் குடுங்க."

சொன்னான். மாஸ்த்ரோவின் கோப்பை உதட்டருகே ஒரு கணம் நின்றது. பிறகு சிரித்தார்.

"என் சிலைக்குள்ள என்ன இருக்குன்னு என்னையே கேக்கறா. உங்க அண்ணிகிட்டப் போய்ச் சொல்லு, புருஷனுங்க எங்கே போறாங்கன்னு பின்னால போய்ப் பார்க்கறதுதான் அவளுக்கு லாயக்குன்னு. நீ அன்னிக்கே பட்டறையை விட்டுப் போனது கலைக்கு நீ செஞ்ச பெரிய சேவை."

ஒரேஸ்தே வாசலுக்கு வந்தபின் பதில் தோன்றியது. நல்ல பதில். அவனுக்கு எப்போதும் வாசலில்தான் தோன்றும்.

*

மறுநாள் காலை ஸ்டூடியோவில் நிற்க இடமில்லை. கவுன்சிலர் பால்தி தோளுக்குக் குறுக்கே பட்டை மாட்டிக்கொண்டு வந்திருந்தார். ஆர்ஜியா அத்தை, மருமகளுக்கு ஆதரவாகவோ வேடிக்கை பார்க்கவோ, முன்வரிசையில் இடம் பிடித்திருந்தாள். ஜெம்மா கடைசியாக வந்தாள். அவள் கண் சிவந்திருந்தது. இடுப்பில் சுத்தியல் செருகியிருந்தது. எல்வியோ பக்கத்தில் வந்து அவள் கையைப் பிடிக்கப் போனான். அவள் கையை எடுத்துக்கொண்டாள். பிசின்மேல் பட்டுவிட்ட கையை எடுத்துக்கொள்வார்களே, அப்படி.

"சீக்கிரம் முடிங்க" என்றார் கவுன்சிலர். "எனக்கு இன்னொரு திறப்பு விழா இருக்கு. கழிவறைதான், ஆனா அதுவும் விழாதான்."

"ஒரே கேள்வி, ஐயா" என்றாள் எர்சிலியா. "சிலையோட நீட்டின கைக்குள்ள என்ன இருக்கு? மாஸ்த்ரோ முதல்ல சொல்லட்டும். பெரியவரு."

ஒரேஸ்தே பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருந்தான். இரும்பு என்பார். கையெழுத்து விழும். ஜெம்மா மீதி வாழ்நாளைக்கு அந்தச் சதுக்கத்து வழியே நடக்கும்போதெல்லாம் ஃபர்சேத்தி என்ற பெயருக்கு மேலே தன் அம்மா உட்கார்ந்திருப்பதைப் பார்க்கவேண்டும்.

மாஸ்த்ரோ அங்கியை நீவிவிட்டுக்கொண்டார். "என் மாணவர்கள் ஆச்சரியப்படுவாங்க. இரும்பு, இரும்புன்னு நான் கத்துக்கொடுத்தது உண்மை. ஆனா ஒரு கலைஞன் தன் விதியைத் தானே மீறுற நேரமும் வரும். ஏழைப் பெண்ணோட கை, ஏழைப் பொருளாலதான் நிக்கணும்னு எனக்குத் தோணிச்சு. உள்ளே இருக்கறது நாணல். தக்காளிக் கொடிக்கு நடுற சாதாரண நாணல்."

கூட்டத்தில் ஒரு பெருமூச்சு ஓடியது. கவுன்சிலர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்; அவருக்கு மேடையில் பேச ஒரு வரி கிடைத்துவிட்டது. ஒரேஸ்தே வாயைப் பிளந்தான். 'நாணலா? இந்த ஆளா?'

"இப்ப நீ சொல்லும்மா" என்றார் கவுன்சிலர்.

ஜெம்மா சொல்லவில்லை. சுத்தியலை உருவிக்கொண்டு மேடைமேல் ஏறினாள்.

"ஏய், பிடிங்க அவளை!" என்று மாஸ்த்ரோ கத்தினார். யாரும் பிடிக்குமுன் சுத்தியல் இறங்கிவிட்டது. முழங்கைக்கும் மணிக்கட்டுக்கும் நடுவே, தான் மாதக்கணக்கில் விரல் விறைக்க வழித்து வழித்துச் செய்த கையின் மேல், ஓங்கி ஓர் அடி. இன்னோர் அடி. வெள்ளைச் சில்லுகள் கவுன்சிலரின் பட்டை மேல் தெறித்தன. உள்ளங்கை கீழே விழவில்லை. எதிலோ மாட்டிக்கொண்டு தொங்கியது.

சிவப்பு வர்ணம் அடித்த இரும்புக் கம்பி. முறுக்கிய சதுரக் கம்பி. நுனியில் கொக்கி போல வளைவு.

"என் கம்பி!" என்று ஆர்ஜியா அத்தை அலறினாள். "கோழி வாட்டற கம்பிடி! இதைக் காணோம்னுதானே மாடி வீட்டுக்காரியோட நான் பேச்சையே விட்டேன்! அந்தக் கொக்கி, அடுப்புல விழுந்து வளைஞ்சது! பாவி, இதுக்குச் சிவப்புப் பெயின்ட் வேற அடிச்சு வெச்சிருக்கே!"

"துருப்பிடிக்காம இருக்க, அத்தை" என்றாள் ஜெம்மா. மேடைமேல் நின்றபடியே மாஸ்த்ரோவைப் பார்த்தாள். இப்போது கத்தவில்லை, அதுதான் பயமாக இருந்தது. "இரும்பு. எப்பவும் இரும்பு. நீங்க சொன்னபடியேதான் செஞ்சேன், மாஸ்த்ரோ. முப்பது வருஷமாச் சொன்ன பாடத்தை இன்னிக்கு ஒரு நாள் நீ நம்பியிருந்தா தப்பிச்சிருப்பே."

'நீங்க' 'நீ' ஆனதைத் தெரு கவனித்தது.

மாஸ்த்ரோவின் முகம் சுண்ணாம்பாய் வெளுத்து, அப்புறம் தக்காளியாய்ச் சிவந்தது. அவர் ஜெம்மாவைப் பார்க்கவில்லை, கவுன்சிலரைப் பார்க்கவில்லை. கூட்டத்துக்கு மேலே விரலை நீட்டி, கட்டுக்கடங்காமல் கத்தினார்:

"நாணல்னுதானேடா சொன்னே! நாணல்னு அவ வாயாலயே சொன்னதா வந்து சொன்னியேடா, நாயே!"

விரல் போன திசையில் எல்லாத் தலையும் திரும்பியது. எல்வியோ சுவரோடு சுவராக நின்றான்.

ஒரேஸ்தேவுக்கு அப்போதுதான் உறைத்தது. கேள்வி போனது மாஸ்த்ரோவின் காதுக்கு மட்டும். அது எல்வியோவின் வாய் வழியாக ஜெம்மாவிடம் திரும்பி வந்தால், இரண்டு பேருக்கும் நடுவே வழி இருக்கிறது என்று அர்த்தம். "அவன் கேட்டா நாணல்னு சொல்லு. கேக்கலேன்னா ஒண்ணும் சொல்லாதே." மூலையில் எர்சிலியா சொன்னது அவ்வளவுதான்.

"நேத்து சாயங்காலம் அத்தை வீட்டுல சூப் குடிச்சிக்கிட்டே கேட்டே" என்றாள் ஜெம்மா எல்வியோவிடம். "'கைக்குள்ள என்ன வெச்சே, சும்மாத்தான் கேக்கறேன்'னே. நீ கேட்டுடக் கூடாதுன்னு நான் எத்தனை வேண்டிக்கிட்டேன் தெரியுமா? ரொட்டி கேட்டே, உப்புக் கேட்டே. ஒவ்வொரு தடவை நீ வாயைத் திறக்கும்போதும் எனக்கு உயிர் போய் வந்தது. அப்புறம் கேட்டே."

"ஜெம்மா, நான் சொல்றதக் கேளு—"

"படுக்க வெச்சுத்தானே வண்டியில ஏத்தினே? கை ஒடியக் கூடாதுன்னு வைக்கோல் போட்டிருப்பியே. நல்ல வேலைக்காரன். பெருக்கிட்டு வேற வந்திருக்கே!"

"பரிசு கிடைச்சா நீ மிலானுக்குப் போயிருப்பே!" எல்வியோவின் குரல் உடைந்தது, ஆனால் அதிலும் கோபம்தான் இருந்தது. "அங்கே போறவ எவ திரும்பி வந்திருக்கா? வார்ப்புக்காரனைக் கட்டிக்கிட்டு இந்தத் தூசியில நீ இருந்திருப்பியா? அவரு வெச்சிக்கட்டும், இவ இங்கேயே இருக்கட்டும்னுதான் நெனச்சேன். உன்னை இழக்கக் கூடாதுன்னுதான்!"

"என்னை வெச்சுக்க, என் கையை வெட்டினியா?"

ஜெம்மா சுத்தியலோடு மேடையிலிருந்து இறங்கினாள். கூட்டம் விலகி வழிவிட்டது. எல்வியோவும் கண்ணை இறுக மூடிக்கொண்டான். அவள் அவனைத் தாண்டிப் போய், மூலையில் இருந்த துடைப்பத்தை எடுத்துவந்து அவன் காலடியில் போட்டாள்.

"பெருக்கு. சில்லு ஒண்ணு விடாம பெருக்கி ஒரு துணியில கட்டி வை. என் கையை நான் ஒட்டணும்."

அவன் பெருக்கினான். அத்தனை பேர் பார்க்க, சுவரோரத்திலிருந்து ஆரம்பித்து, முறையாக. ஒரேஸ்தே வாழ்க்கையில் முதல் முறையாகச் சிரிக்க இடமிருந்தும் சிரிக்கவில்லை.

"அண்ணி," என்றான் வெளியே வந்ததும், "அந்தக் கிழவன் நேத்து என்னைச் சொன்னதுக்கு வாசல்ல ஒரு பதில் தோணிச்சு. சொல்லட்டுமா?"

"யாருகிட்ட? அவரு காதுல இனிமே எதுவும் விழாது. வா, மீனு வாங்கணும். இன்னிக்கு வெள்ளிக்கிழமை."

*

கவுன்சிலர் பால்தி கழிவறைத் திறப்பு விழாவுக்குத் தாமதமாகத்தான் போனார். ஆனால் போகுமுன் பெயரை மாற்றிக் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனார். இலையுதிர் காலத்தில் சிலை சதுக்கத்தில் ஏறியது. குவாரிக்காரர்களின் மனைவிமார் திறப்பு விழாவுக்குக் கறுப்புடையில் வந்து, ஒரு வார்த்தை பேசாமல் நின்று பார்த்துவிட்டுப் போனார்கள். கவுன்சிலர் பேசியதை யாரும் கேட்கவில்லை. பளிங்குப் பெண் நீட்டிய கைக்கு அவ்வளவு மரியாதை.

மாஸ்த்ரோ ஃபர்சேத்தி ஸ்டூடியோவைப் பூட்டிவிட்டு லா ஸ்பெட்ஸியாவில் இருக்கும் மகள் வீட்டுக்கே போய்விட்டார். காற்று மாற்றத்துக்கு என்று சொல்லிக்கொண்டார்கள். காற்று இங்கேதான் மாறியிருந்தது.

எல்வியோவுக்குக் கல்யாணமாகாது என்று ஊர் நினைத்தது. ஊர் நினைத்தது என்றைக்கு நடந்திருக்கிறது? அடுத்த வசந்தத்திலேயே மாஸ்த்ரோவின் அண்ணன் மகள் ஃபியோரென்ஸாவைக் கட்டிக்கொண்டான். விருந்துக்கு ஊர் முழுக்கப் போனது, நன்றாகச் சாப்பிட்டது, அதற்குப்பின் ஒரு சிற்பிகூட அவனிடம் வார்க்கக் கொடுக்கவில்லை. இப்போது மாஸ்ஸாவில் கல்லறைக் கடைகளுக்குத் தேவதை வார்க்கிறான். ஒரே அச்சு, ஒரே தேவதை.

ஜெம்மா மிலானுக்குத்தான் போனாள். அங்கே ஒரு வெண்கல வார்ப்படச் சாலையில் வேலை பார்த்து, பெர்கமோக்காரன் ஒருவனைக் கல்யாணம் செய்துகொண்டாள் என்று கேள்வி. ரொம்பப் பேசமாட்டானாம், அது நல்லதா கெட்டதா என்று ஆர்ஜியா அத்தைக்கு இன்னும் பிடிபடவில்லை.

ரயிலேற்றிவிடப் போனது ஒரேஸ்தே. பெட்டியை மேலே வைத்துவிட்டு, ஊருக்கே இருந்த சந்தேகத்தை அவன்தான் கேட்டான்.

"உண்மையைச் சொல்லு. பரிசு கிடைச்சா மிலானுக்குப் போறதாத்தானே இருந்தே?"

"மிலானுக்கா? அந்த மூடுபனியில யாரு இருப்பா?" ஜெம்மா ஜன்னலை இறக்கினாள். "தொழுவத்துக்குப் பக்கத்து இடத்தையும் சேர்த்து வாங்கறதாப் பேசி வெச்சிருந்தேன். எல்வியோவுக்கு ஒரு வார்ப்புப் பட்டறை போட. கல்யாணத்தன்னிக்குச் சொல்லலாம்னு இருந்தேன்."

ரயில் நகர்ந்தது. அவள் கையாட்டவில்லை.